ஒரே பீடம், நடுவே சுவர்

மான்குர்த்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நம்மவர்கள் கூடி நிற்கும்போது முதலில் வரும் கேள்வி, "அண்ணாச்சிக்கு எந்த ஊர்?" அடுத்தது, "ஊரில் எந்தத் தெரு?" முதல் கேள்வியில் பாசம் இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது சாதி.

நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் இந்த இரண்டாவது கேள்வி சுவராகவே எழுந்து நின்றது. 1872-ல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்தில் பீடம் ஒன்று. மக்கள் நிற்கும் கூடம் இரண்டு. ஒன்றில் வெள்ளாளர் வகையினர், மற்றதில் நாடார். கால்சட்டையின் இரண்டு கால்கள்போல் பிரிந்து, பீடத்தருகே சேரும் அமைப்பு. பீடத்தில் நிற்கும் சாமியாரை இரு தரப்பும் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. சீடர்களின் காலைக் கழுவியவரின் கோயிலில்தான் இந்த ஏற்பாடு!

1910-ல் கௌசானல் சாமியார் காலத்தில் தடுப்பு இடிக்கப்பட்டது. சுவர் போயிற்று, வீறாப்பு போகவில்லை. தனி இடம் எங்கள் உரிமை என்று வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. பக்கத்தில் முழந்தாளிட மனமில்லாதவர்களுக்குக் கோர்ட்டுப் படியேற மனம் இருந்தது.

மான்குர்த்தில் சுவர் எழுப்ப இடம் ஏது? ஒட்டி ஒட்டி வீடுகள், ஹார்பர் லயன் ரயிலில் தோளோடு தோள். அவசரத்துக்குக் கைமாற்று கொடுப்பவரிடம் யாரும் தெருவைக் கேட்பதில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் ஊருக்குப் போன் போகிறது. விசாரித்துப் பதில் வரும்வரை பேச்சு நிற்கிறது.