இயலாமை ஓய்வூதியம்: கொடுத்ததைக் குறைக்கப் புதுப்புது வழிகள்

புது தில்லி: மூணாறிலிருந்து கொச்சி சுமார் 130 கி.மீ. அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம் வழியாக மலையிறங்கிச் செல்ல அரை நாள் கழிந்துவிடும். தேயிலைத் தோட்டக் குடும்பத்திலிருந்து படைக்குச் சென்று, உடல் நலிந்து திரும்பிய தமிழர் ஒருவரின் இயலாமை ஓய்வூதியத்தில் அரசு கை வைத்தால், அவர் முறையிட வேண்டிய ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளை கொச்சியில்தான் இருக்கிறது. ஓய்வுபெற்றவர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய கிளையில் மனு செய்யலாம் என்பது விதி. போடிமெட்டுக்கு இப்பால், தேனி மாவட்டத்தில் குடியிருந்தால் அதே மனு சென்னைக் கிளைக்குச் செல்லும். 1956 மொழிவழி மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்துவிட்டதால் நேர்ந்த சிறு விளைவுகளில் இதுவும் ஒன்று. பாலக்காட்டு எல்லையோரத் தமிழர்களுக்கும் கொச்சிதான்.

ஆனால் தொகையை நிர்ணயிப்பது கொச்சியோ சென்னையோ அன்று. கணக்கு பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகத்தில் முடிகிறது. கொள்கை தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தில் உருவாகிறது.

இந்த ஓய்வூதியத்தில் இரு பகுதிகள் உண்டு. பணிக்காலத்துக்கு உரியது ஒன்று. இயலாமைக்கு உரியது மற்றொன்று. முழு இயலாமை, அதாவது 100 சதவீதம் எனில், கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் இரண்டாவது பகுதியாகக் கிடைக்கும். சதவீதம் குறைந்தால் தொகையும் அதே விகிதத்தில் குறையும். கடைசி ஊதியம் ரூ. 30,000 என்று கொண்டால் 100 சதவீதத்துக்கு ரூ. 9,000, 20 சதவீதத்துக்கு ரூ. 1,800. ஆகவே மருத்துவக் குழு எழுதும் அந்த ஓர் எண்ணே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

ஒரு காலத்தில் அந்த எண் நிலையாக இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு மட்டும் இயலாமைத் தொகை வழங்கி, பின்னர் மறு மருத்துவக் குழு முன் வீரரை அழைப்பது வழக்கம். அக்குழு 20 சதவீதத்துக்குக் கீழ் மதிப்பிட்டுவிட்டால் தொகை நின்றுபோகும். காலை இழந்தவரின் கால் மீண்டும் வளர்ந்துவிட்டதா என்று பார்க்க அழைப்பதைப் போலத்தான் இது பல வீரர்களுக்குத் தோன்றியது.

ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2001-இல் பாதுகாப்பு அமைச்சகம் பிறப்பித்த உத்தரவுகள் நிலைமையை மாற்றின. நிரந்தரத் தன்மையுள்ள இயலாமைக்கு ஒருமுறை நிர்ணயித்த சதவீதமே வாழ்நாள் முழுதும் இறுதியானது. வீரரே கோரினாலன்றி மறுஆய்வு இல்லை என்று அவை கூறின. மருத்துவக் காரணத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு 50-க்குக் கீழ் உள்ள சதவீதம் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடவும் வகை செய்தன. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் ரூ. 1,800 என்பது ரூ. 4,500 ஆகும். பணிக்காலத்தை முழுமையாக முடித்து இயலாமையுடன் ஓய்வுபெற்றோருக்கும் இதை வழங்க வேண்டும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நேரடிக் குறைப்புக்கு அத்துடன் வழி அடைபட்டது. பிறகு வேறு வழிகள் திறந்தன.

முதலாவது, நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று கூறுவது. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. படையில் சேரும்போது பதிவேட்டில் நோய்க்குறிப்பு எதுவும் இல்லையெனில் அவர் நலமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னர் வந்த நோய் பணியால் வந்ததன்று என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. சந்தேகத்தின் பலன் வீரருக்கே. ஆயினும் மேல்முறையீடுகள் ஓயவில்லை. 1985-இல் சேர்ந்து, சியாச்சின் பணிக்குப் பின் வலிப்பு நோயுடன் 1989-இல் வெளியேற்றப்பட்ட பிஜேந்தர் சிங், 50 சதவீத வீதத்தில் வாழ்நாள் ஓய்வூதியத்துக்கான தீர்ப்பைப் பெற்றது 2025 ஏப்ரலில். இடையில் கழிந்தவை 36 ஆண்டுகள்.

இரண்டாவது வழி ஊதியக் குழுவின் மூலம் வந்தது. சதவீத முறையைக் கைவிட்டு, முழு இயலாமைக்கு அதிகாரிகளுக்கு ரூ. 27,000, இளநிலை அதிகாரிகளுக்கு ரூ. 17,000, சிப்பாய்களுக்கு ரூ. 12,000 என நிலைத் தொகை வழங்கலாம் என்றது ஏழாவது ஊதியக் குழு. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கு இதனால் தொகை கூடியிருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் சிவில் ஊழியர்களுக்குச் சதவீத முறையை வைத்துக்கொண்டு படையினருக்கு மட்டும் அதை நீக்குவது எவ்வகை நியாயம் என்ற கேள்வி எழுந்தது. 2017 மே 3-ஆம் தேதி மத்திய அமைச்சரவை சதவீத முறையையே தொடர முடிவு செய்தது. ஆண்டுக்குச் சுமார் ரூ. 130 கோடி கூடுதல் செலவு என அரசு தெரிவித்தது.

மூன்றாவது, வருமான வரி. மருத்துவக் காரணத்தால் பாதியில் விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே வரிவிலக்கு என்று 2019 ஜூன் 24-ஆம் தேதி நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை அனுப்பியது. இருக்கும் நிலையே தொடர வேண்டும் என அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அரசுத் தரப்பின் வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆண்டுதோறும் ஓய்வுபெறும் அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதத்தினர் இயலாமை ஓய்வூதியம் பெறுவதாகவும், அவர்களில் பலருக்கு ரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவையே காரணம் என்றும் 2023-இல் வெளியான தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. மற்ற நிலையினரில் இந்த விகிதம் 15 முதல் 18 சதவீதம். அதிகாரிகளின் எண்ணிக்கை குறித்து எழும் ஐயத்துக்குச் சிப்பாய் விலை கொடுக்கும் நிலை உருவானதே வருந்தத்தக்கது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பணியை முழுமையாக முடித்து ஓய்வுபெறுவோருக்கு 'இயலாமைத் தொகை' என்ற பெயரே மறைந்து, 'குறைபாட்டு நிவாரணம்' என்றாயிற்று. எதிர்க்கட்சிகள் கண்டித்தன. அத்தேதிக்கு முன் ஓய்வுபெற்றோரை இவ்விதிகள் தொடுவதில்லை.

வழக்குகளைக் குறைக்க 2015-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த வல்லுநர் குழு, முடிந்துபோன சட்டப் பிரச்சினைகளில் வீரர்களுக்கு எதிரான மேல்முறையீடுகளைத் திரும்பப் பெறுமாறு பரிந்துரைத்தது. நடந்தது வேறு. தீர்ப்பாய முடிவுகளை எதிர்த்து உயர் நீதிமன்றங்களை அணுகலாம் என 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியபின், அரசு அந்த வாயிலை நாடியது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஏறத்தாழ 300 அரசு மனுக்களை ஒரே தீர்ப்பில் தள்ளுபடி செய்தது. 'வாழ்க்கைமுறை நோய்' என்று எழுதிவிட்டால் போதாது, மருத்துவக் குழு காரணம் காட்ட வேண்டும் என்று அதே நீதிமன்றம் மார்ச் மாதத்திலேயே கூறியிருந்தது.

மூணாற்று வீரருக்கு இவை அனைத்தும் தொலைவில் கேட்கும் செய்திகள். ஓய்வூதியத்தை இணையவழி வழங்கும் 'ஸ்பர்ஷ்' முறையில் ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று பதிய வேண்டும். 2022-இல் சான்று சேராத 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஓய்வூதியம் நின்று, பின்னர் அவகாசம் நீட்டிக்கப்பட்டது. தொகை குறைந்ததைத் தாமதமாகக் கண்டுபிடித்து மனு செய்தால், நிலுவை பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். எனவே கொச்சிக்குப் பேருந்து ஏறுமுன் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியவை இரண்டு: ஓய்வூதிய ஆணையும், வெளியேறும்போது மருத்துவக் குழு எழுதிய அறிக்கையின் நகலும். சதவீதம் அதில்தான் இருக்கிறது.