திரையில் சிவிங்கிப்புலி, மும்பையில் சிறுத்தை: வேறுபாடு என்ன?

மும்பை: குடும்பத்துடன் காணத்தக்க ஆப்பிரிக்க வனவிலங்கு நிகழ்ச்சிகளைத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வாழ் தமிழர்களும் தொலைக்காட்சியில் தமிழிலேயே காணலாம். அவற்றில் வரும் சிவிங்கிப்புலியைச் சிறுத்தை எனக் குழந்தைகள் எண்ணிவிடுவது எளிது.

சிவிங்கிப்புலிக்குக் கண்ணிலிருந்து வாய்வரை கருங்கோடு இறங்கும். உடலில் தனித்தனிக் கரும்புள்ளிகள் இருக்கும். சிறுத்தையின் புள்ளிகளோ வளையம்போல் தோன்றும். முன்னது பெரும்பாலும் பகலில் துரத்தி வேட்டையாடும்; பின்னது பெரும்பாலும் இரவில் பதுங்கிப் பாயும்.

இந்தியாவில் சிவிங்கிப்புலி அழிந்துவிட்டதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. நமீபியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 8 சிவிங்கிப்புலிகள், 2022 செப்டம்பர் 17-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் விடப்பட்டன.

மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் அதையொட்டிய ஆரே பகுதியிலும் வாழ்பவை சிறுத்தைகளே. எனவே அங்கு இருட்டிய பின் குழந்தைகளைத் தனியே வெளியே அனுப்பாதிருப்பது அவசியம்.