தூசு ஒளிந்திருக்கும் இடம்

தேனிப் பக்கம் கல்யாணப் போட்டோ எடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மண்டபத்துக்குள் எடுத்த படமெல்லாம் சுத்தமாக இருக்கிறது. மறுநாள் ஜோடியை வைகை அணையில் நிறுத்தி எடுத்தால், வானத்தின் இடது மூலையில் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி. லென்ஸை எத்தனை முறை துடைத்தாலும் போகவில்லை.”

லென்ஸைத் துடைத்துப் பயனில்லை. அது சென்சார்மேல் உட்கார்ந்த தூசு.

டிஎஸ்எல்ஆர் கேமராவில் சென்சாருக்கு முன்னால் பிரதிபலிக்கும் கண்ணாடியும் மூடிய ஷட்டரும் காவல் இருந்தன. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. லென்ஸைக் கழற்றினால் பெரும்பாலான மாடல்களில் சென்சார் வெட்டவெளியில் நிற்கும். ஆழமும் குறைந்துவிட்டது: நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் 46.5 மி.மீ. உள்ளே இருந்த சென்சார், இசட் மவுண்டில் வெறும் 16 மி.மீ. தொலைவில் இருக்கிறது. 2018இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர், கேமராவை அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொண்டது. இப்போது வேறு சில மாடல்களிலும் இந்த வசதி உண்டு. உங்கள் மெனுவில் தேடிப் பாருங்கள். ஆனால் ஷட்டர் இதழ்கள் மிக மெல்லியவை. அவற்றில் விரல் படக் கூடாது.

சரி, மண்டபத்தில் தெரியாத புள்ளி அணையில் மட்டும் ஏன் தெரிந்தது? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். தூசு பிக்சலின் மேல் நேரடியாக விழுவதில்லை. அதை மூடியிருக்கும் வடிகட்டிக் கண்ணாடியின் மேல் விழுகிறது. நடுவில் சிறு இடைவெளி உண்டு. நாம் படத்தில் பார்ப்பது அந்தத் தூசின் நிழலைத்தான். சின்ன வயதில் சிம்னி விளக்கின் முன் கை நீட்டினால் சுவரில் ஐந்து விரலும் கூர்மையாக விழும். கரண்ட் வந்து ட்யூப் லைட் எரிந்ததும் அந்த நிழல் கரைந்துவிடும். அதே கதைதான். மண்டபத்தில் எஃப் 2.8 வைத்திருப்பார், அகன்ற திறப்பின் பல கோணங்களிலிருந்து வந்த ஒளி நிழலைக் கரைத்துவிட்டது. வெளியில் அணையும் மலையும் தெளிவாக விழ எஃப் 16க்குச் சுருக்கியிருப்பார், நிழல் கூர்மையாகிவிட்டது. தூசு இரண்டு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கும்.

சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தில் மேலே இடதுபுறம் தெரியும் புள்ளியை, கேமராவின் வாய்வழியாகப் பார்க்கும்போது கீழே இடதுபுறம் தேட வேண்டும்.

லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணையுங்கள். மின்விசிறிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அடுத்த லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்து, பாடியின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள். ஒலிம்பஸ் 2003இல் இ-1 கேமராவில் சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடியை நொடிக்கு 30,000 முறைக்கு மேல் அதிரவைத்துத் தூசை உதிர்த்தது. இன்று பல கேமராக்களில் ஏதோ ஒரு வகையில் இந்த அதிர்வு உண்டு. ஆனால் ஈரமும் பிசுக்கும் ஏறிய தூசு எளிதில் உதிராது.

காற்றைவிட நாம் கவனிக்காதது பின்மூடியை. கழற்றிய மூடியைச் சட்டைப் பையில் போட்டு, பஞ்சும் நூலுமாக எடுத்து, அதையே லென்ஸின் பின்னால் மாட்டுகிறோம். அடுத்த முறை அந்தக் குப்பை நேராகக் கேமராவுக்குள் போகிறது. பாடி மூடியையும் லென்ஸின் பின்மூடியையும் ஒன்றோடொன்று திருகி வைத்தால் இரண்டின் உட்புறமும் சுத்தமாக இருக்கும். கேமராப் பையையும் மாதம் ஒருமுறை உதறுங்கள்.

தூசு விழுந்துவிட்டால் கை ப்ளோயர் போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அடைத்து விற்கும் காற்று டப்பாவிலிருந்து திரவம் பீய்ச்சி கறை படியலாம். லட்சக்கணக்கில் கொடுத்து பாடி வாங்குகிறவர்கள் சில நூறு ரூபாய் ப்ளோயருக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதைவிட வருத்தம், கூட வரும் உதவியாளர் பையனிடம் எதுவும் சொல்லித் தராமல் கேமராவைக் கொடுத்துவிட்டு, புள்ளி விழுந்ததும் அவனைத் திட்டுவது. ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் முகூர்த்தமில்லாத ஒரு நாளில் அவனை உட்காரவைத்து, லென்ஸ் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுங்கள். நாளைக்கு அவனும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பான்.