மல்லர்களின் இருதயத் துடிப்பில் காணும் மாறுபாடு

ஆரோக்கியமான இருதயம் கடிகாரத்தைப் போல ஒரே சீராகத் துடிக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நிமிஷத்திற்கு 60 முறை துடிக்கும் இருதயத்தில், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையேயுள்ள காலம் ஒருமுறை 950 மில்லி செகண்டாகவும், மறுமுறை 1,040 மில்லி செகண்டாகவும் இருக்கக்கூடும். மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சற்று விரைகிறது, வெளிவிடுகையில் தாமதிக்கிறது. ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் இதனை 1847-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார்.

இம்மாறுபாட்டிற்குக் காரணம் இருவகை நரம்புகளாகும். பரிவு நரம்புகள் இருதயத்தைத் துரிதப்படுத்துகின்றன. வேகஸ் நரம்பு அதற்குக் கடிவாளமாக அமைகிறது. ஓய்வு நிலையில் துடிப்பு இடைவெளிகள் நன்கு மாறுபடுமாயின், அக்கடிவாளம் செவ்வனே இயங்குகிறது எனக் கொள்ளலாம்.

மல்யுத்தப் பந்தயம் 3 நிமிஷங்கள் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறுகிறது. இடைவேளை 30 வினாடிகளே. ஒரே நாளில் பல பந்தயங்களும் நேரிடலாம். எனவே பலம் மட்டும் போதாது. விரைவில் களைப்பு நீங்கும் திறனும் வேண்டும். கடும் பயிற்சி, உறக்கக் குறைவு, காய்ச்சல், மனக்கலக்கம் ஆகியவை துடிப்பின் மாறுபாட்டைக் குறைக்கின்றன. ஆகவே, களைப்பு நீங்கிவிட்டதா என்பதை அறிய இவ்வளவை ஒரு துணையாகிறது.

உடலின் நீரை வற்றச் செய்து எடையைக் குறைக்கும் வழக்கம் இங்குத் தனியே கவனிக்கத்தக்கது. நீர் குறைந்தால் இரத்தத்தின் அளவு குறைகிறது. இருதயம் விரைந்து துடிக்கிறது. வேகஸ் நரம்பின் பிடி தளர்கிறது. 1997-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்லர் மூவர் இவ்வாறு எடை குறைக்க முயன்று உயிரிழந்தனர். வெப்பமான இடத்தில், வியர்வை ஆவியாகாத உடையணிந்து அவர்கள் தேகப்பயிற்சி செய்திருந்தனர். அதன்பின் அத்தகைய உடைகள் அந்நாட்டுக் கல்லூரிப் பந்தயங்களில் தடை செய்யப்பட்டன.

அளவிடும் முறை எளியது. காலையில் விழித்தவுடன், எதுவும் அருந்துமுன், படுத்த நிலையிலேயே சில நிமிஷங்கள் மார்புப் பட்டைக் கருவியால் அளத்தல் வேண்டும். ஒருவரது அளவை அவருடைய முந்திய நாட்களின் சராசரியுடன் மட்டுமே ஒப்பிடலாம். பிறரது அளவுடன் ஒப்பிடுதல் தவறு. ஒரு நாள் குறைவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பல நாட்கள் தொடர்ந்தால் பயிற்சியைக் குறைப்பது நலம். கருவி இல்லாதவிடத்து விரலால் நாடியை எண்ணலாம். அதனால் மாறுபாட்டை அறிய இயலாதெனினும், காலை நாடி வழக்கத்தைவிடச் சில நாட்கள் உயர்ந்தே நிற்பது ஓர் எச்சரிக்கையாகும்.

இவ்வளவு வெற்றி தோல்வியை முன்கூட்டி அறிவிப்பதன்று. போட்டிக்கு முன் எழும் பதற்றத்தால் வெல்பவரிடமும் அது குறையலாம். மேலும், மயக்கம், மார்பு வலி ஆகியவற்றுடன் நாடி தாறுமாறாகத் துடிப்பது மேற்கூறிய இயற்கையான மாறுபாடு அன்று. அத்தகைய மாணவரைப் பயிற்சியினின்று உடனே நிறுத்தி, மருத்துவரிடம் அனுப்புதல் ஆசிரியரின் கடமையாகும்.