மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தைத் தேர்ந்தெடுத்தல்

2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னந்தோப்புகள் அடைந்த சேதம் யாவரும் அறிந்ததே. சாய்ந்த மரங்களை அகற்றினாலன்றிப் புதுக் கன்றுகள் நடுவதற்கு இடமிராது. அவற்றை அப்படியே மக்கவிட்டாலோ, அத்தண்டுகளில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, புதிதாக நட்ட கன்றுகளின் குருத்தைத் துளைத்துவிடும். காயம்பட்ட மரங்களைச் சிவப்புக் கூன்வண்டும் நாடி வரும். ஆகையால் தோப்பைத் தாமதமின்றிச் சுத்தம் செய்தல் இளங்கன்றுகளின் உயிரைக் காப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வேலைக்குக் கோடரியும் ஆள் இழுக்கும் ரம்பமும் போதாமற்போனதால், பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் அநேக கிராமங்களில் பழக்கத்திற்கு வந்துவிட்டது. புயலுக்குப் பின் பல நாட்கள் மின்சாரம் இராதாகையால், மின்கலத்தால் ஓடும் ரம்பத்தை இதற்கு நம்பியிருத்தல் கூடாது. எனினும், பெட்ரோல் ரம்பத்தில் கடையிலுள்ளவற்றுள் அதிக சக்தியுள்ளதே சிறந்தது என்று எண்ணி வாங்குவோர் பலர். இவ்வெண்ணம் பணத்தை விரயமாக்குவதோடு, சில சமயங்களில் கை கால்களுக்கும் சேதம் விளைவிப்பதாகும்.

மரத்தை அளந்தறிதல்

ரம்பம் வாங்க எண்ணுபவர் முதலில் தம் தோப்பிலுள்ள மரங்களை நாடாவினால் அளத்தல் வேண்டும். மார்பளவு உயரத்தில் சுற்றளவை எடுத்து மூன்றால் வகுத்தால், விட்டம் ஏறக்குறைய கிடைக்கும். சுற்றளவு 36 அங்குலமுள்ள தென்னைக்கு விட்டம் சுமார் 12 அங்குலம். சங்கிலி ஓடும் நீண்ட தகட்டினை மெக்கானிக்குகள் பார் என்பர். அது மரத்தின் விட்டத்தைவிட இரண்டு அங்குலமேனும் நீண்டிருத்தல் நலம். ஆகவே இத்தகைய தென்னைக்கு 16 அங்குலப் பார் தாராளமாகப் போதும்.

சாலையோரத்துப் புளியமரம், தூங்குமூஞ்சி மரம் முதலியவை வேறு வகை. 10 அடிச் சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் 38 அங்குலத்திற்கு மேற்படும். இதற்காக 40 அங்குலப் பார் வேண்டுவதில்லை. 25 அங்குலப் பாரினால் இருபுறமிருந்தும் அறுத்து முடிக்கலாம். ஆனால் இவ்வேலை கைதேர்ந்தவர்க்கே உரியது.

எஞ்சினின் சக்தியும் கனமும்

தொழில் முறையில் உபயோகிக்கும் ரம்பங்களைப் பொதுவாக மூன்று தரமாகப் பிரிக்கலாம். சுமார் 50 ஸி.ஸி. எஞ்சின் உள்ளவை 3 கிலோவாட், அதாவது 4 குதிரைசக்தி தருபவை. பாரும் சங்கிலியும் நீங்கலாக இவற்றின் கனம் 5 கிலோ அளவில் இருக்கும். சுமார் 70 ஸி.ஸி. உள்ளவை 4 கிலோவாட்டுக்குச் சற்று அதிகமாகத் தரும். கனம் 6 முதல் 6.6 கிலோ வரை. 90 ஸி.ஸி. உள்ளவை 5 கிலோவாட்டுக்கு மேல் தரும்; கனம் 7 கிலோவைத் தாண்டும். பார், சங்கிலி, எண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றின் கனமும் இதனோடு சேரும்.

தென்னை, சவுக்கு, தைலமரம் ஆகியவற்றிற்கு முதல் தரமே ஏற்றது. பெரும் புளி, வேம்பு முதலியவற்றை அடிக்கடி அறுப்பவர்க்கு இரண்டாம் தரம் வேண்டும். மூன்றாந் தரம் பெருமரங்களையே தொழிலாகக் கொண்டவர்க்கு உரியது. நாள் முழுதும் தோப்பில் சாய்ந்து கிடக்கும் தண்டுகளைக் குனிந்து அறுப்பவன் வேண்டாத இரண்டு கிலோவைச் சுமப்பானாயின், பிற்பகலில் கை தளரும்; கை தளர்ந்தபோதே விபத்து நேரிடும்.

இதற்கு மாறாக, சிறு எஞ்சினில் நீண்ட பாரைப் பொருத்துவதும் தவறே. சங்கிலியின் பற்கள் பலவாகையால் எஞ்சின் இழுக்கமாட்டாமல் வேகம் குறையும். க்ளட்ச் வழுக்கிச் சூடேறும். பாரின் நுனிக்கு எண்ணெய் போதிய அளவு எட்டாது. மேலும், ஸி.ஸி. ஒன்றையே பார்த்து விலை கொடுத்தல் கூடாது. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு எஞ்சின்களின் சக்தி வேறுபடுமாதலின், எத்தனை கிலோவாட் என்பதையும், உதிரிப் பாகங்கள் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்பதையும் விசாரித்தறிதல் அவசியம்.

சங்கிலியும் பற்களும்

இக்காலத்துச் சங்கிலியின் பல் ஒரு புழுவினிடம் கற்ற பாடமாகும். 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆரகன் பிரதேசத்தில் மரம் வெட்டிவந்த ஜோ காக்ஸ் என்பவர், வண்டுப்புழுவொன்று இடமும் வலமும் தாடையை அசைத்து மரத்தைத் துளைப்பதைக் கண்டார். அவ்விதமே இடமும் வலமும் மாறிச் சீவும் பற்களை அவர் அமைத்தார். பல் கூராக இருந்தால் செதில் செதிலாக விழும். பொடியாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அறியலாம்.

பற்களில் இரு வகை உண்டு. முனை சதுரமாக உள்ளது வேகமாக அறுக்கும். ஆனால் மண் பட்டால் விரைவில் மழுங்கும். முனை சற்று உருண்டுள்ளது வேகத்தில் குறைந்தாலும் கூர்மை நீடிக்கும். மணற்பாங்கான தோப்பில் மண் படிந்து கிடக்கும் தென்னைக்குப் பின்னதே ஏற்றது. தென்னையின் வெளிப்புறம் மிகக் கடினமாதலால், சங்கிலியை இடையிடையே உருண்டை அரத்தினால் தீட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

காவல் சாதனங்கள்

பார் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவன் முகத்தை நோக்கித் துள்ளும். அவ்வாறு துள்ளும்போது சங்கிலியை உடனே நிறுத்தும் சங்கிலித் தடை இல்லாத ரம்பத்தை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது. கைப்பிடி அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அல்லது ரப்பர் உள்ளதா என்றும் பார்க்கவேண்டும். நெடுநாள் அதிர்வினால் விரல்கள் மரத்து வெளுக்கும் நோய் உண்டாகும். தலைக்கவசம், கண்மறைப்பு, காதடைப்பு, சங்கிலி பட்டால் அறுபடாத நாரினாலான காற்சட்டை, கனத்த பூட்ஸ் ஆகியவற்றின் செலவையும் ரம்பத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

சாய்ந்த மரத்தை அறுத்தல்

இரு முனையும் தாங்கி, நடுவில் தொங்கும் தண்டின் மேற்புறம் நெருக்குண்டும் அடிப்புறம் இழுபட்டும் இருக்கும். இதனை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பின் கீழிருந்து அறுத்து முடிக்கவேண்டும். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் நிற்கும் தண்டினை முதலில் கீழிருந்தும் பிறகு மேலிருந்தும் அறுக்கவேண்டும். முறை மாறினால் பார் இறுகிச் சிக்கும், அல்லது தண்டு பிளந்து தாக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்தவுடன், வேர்க்கட்டி குழிக்குள் திரும்ப விழக்கூடும். ஆகையால் குழியருகே சிறுவர்களை நிற்கவிடலாகாது. நிற்கும் மரத்தை வீழ்த்தும்போது, மற்றவர் அம்மரத்தின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு தூரத்திற்கு அப்பால் இருத்தல் வேண்டும்.

பராமரிப்பு

பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் அளவு கைப்புத்தகத்தில் குறித்தபடி இருக்கவேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் கீறிக் கெடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்குமாதலால், வேலையில்லாத மாதங்களில் டாங்கியைக் காலியாக வைத்தல் வேண்டும். காற்று வடிகட்டியை நாள்தோறும் சுத்தம் செய்தல் அவசியம். பாருக்குக் கழிவு எண்ணெய் ஊற்றினால் எண்ணெய்ப் பம்பும் பாரும் தேய்ந்து கெடும்.

கிராமத்தார் கவனிக்கவேண்டியவை

சிறு மிராசுதார் ஒவ்வொருவரும் தனித்தனியே பெரிய ரம்பம் வாங்கவேண்டிய அவசியமில்லை. தோப்புக்காரர்கள் சேர்ந்து 50 ஸி.ஸி. ரம்பங்கள் சிலவும், ஊருக்கு ஒன்றாக 70 ஸி.ஸி. ரம்பமும் வைத்துக்கொண்டு, பழகிய ஆட்கள் இருவரைத் தயாராக வைத்திருப்பது சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும். புறம்போக்கு மரங்களை அனுமதியின்றி வெட்டலாகாது. பனையை வெட்ட நேர்ந்தால் ஜில்லாக் கலெக்டரின் அனுமதி பெறவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதையும் கிராம அதிகாரிகள் குடியானவர்க்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலமே புயற்காலமாகும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் ரம்பத்தை வெளியே எடுத்து, சங்கிலியைத் தீட்டி, ப்ளக்கையும் சங்கிலித் தடையையும் சோதித்து, ஒரு தரம் ஓட்டிப் பார்த்து வைத்தல் வேண்டும். மரம் சாய்ந்தபின் மெக்கானிக்கைத் தேடி அலைபவரின் தோப்பில், கன்று நடுவதற்கு முன் வண்டு குடியேறிவிடும்.