தேய்த்தால் போகும் நீலம்

கொலராடோவின் வெண்ஃபிர் மரத்திலிருந்து ஓர் ஊசியிலையைப் பறித்து இரண்டு விரல்களுக்கு நடுவே அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நீலம் காணாமல் போய்ப் பச்சை தெரியும். எலுமிச்சைத் தோல் வாசனை எழும். மினசோட்டாவிலும் ஒன்ராறியோவிலும் தோட்டக்காரர்கள் இந்த மரத்தைத் தேடி வாங்குவது பெரும்பாலும் அப்படி விரலோடு வந்துவிடும் மெழுகுக்காகத்தான்.

ஊசிக்குள் நீல நிறமி எதுவும் கிடையாது. அதன் தோல் சுரக்கும் மெழுகு, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களாக மேற்பரப்பில் அடர்ந்து நிற்கிறது. ஒளி அவற்றின் மேல் பட்டுச் சிதறும்போது நீலப் பக்கத்து ஒளி கூடுதலாகச் சிதறுவதால் இலை வெள்ளி கலந்த நீலமாகத் தெரிகிறது. கருந்திராட்சையின் மேல் பூத்திருக்கும் வெண்பொடியும் இதே வகைதான். நமக்கு அழகு, மரத்துக்கு அது கவசம். தெற்கு கொலராடோ, நியூ மெக்சிகோ, யூட்டா மலைகள் இந்த மரத்தின் தாயகத்தில் அடக்கம். அங்கே காற்று வறண்டது, உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமையானது. மெழுகு கதிரைத் திருப்பி அனுப்புகிறது, இலையின் ஈரத்தையும் காக்கிறது.

நீல ஊசி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நீல ஸ்ப்ரூஸ். 1862இல் சார்லஸ் பாரி என்ற தாவரவியலாளர் பைக்ஸ் சிகரத்தில் கண்டறிந்த மரம் அது. இரண்டையும் பிரித்தறிய ஒரு கிளையைத் தொட்டாலே போதும். ஸ்ப்ரூஸ் ஊசி நாற்பட்டையானது, குத்தும். ஃபிர் ஊசி தட்டையானது, மென்மையானது, இரண்டு அங்குலம் வரை நீண்டு மேல்நோக்கி வளையும். ஸ்ப்ரூஸின் கூம்புகள் தொங்கும்; ஃபிரின் கூம்புகள் கிளை மேல் நிமிர்ந்து நின்று, முற்றியதும் அங்கேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ஈரப்பதம் மிகுந்த கோடை உள்ள ஊர்களில் நீல ஸ்ப்ரூஸை ஒரு பூஞ்சை நோய் பிடித்து, கீழ்க்கிளைகளிலிருந்து ஊசிகளைக் கொட்ட வைக்கிறது. அங்கெல்லாம் வெண்ஃபிரே நல்ல மாற்று என்பது என் கட்சி.

குளிரை இது அனாயாசமாகத் தாங்கும். மைனஸ் 30 டிகிரியும் பெரிய விஷயமல்ல. தாங்காதது தேங்கும் நீர். இறுகிய களிமண்ணில் வேர் அழுகிவிடும். வடிகாலுள்ள, லேசான அமிலத்தன்மை கொண்ட மண்ணும் நல்ல வெயிலும் போதும். நடும்போது அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம் மண்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். ஆழக் குழிவெட்டிப் புதைப்பது அன்பான கொலை. மூடாக்கு போடலாம், ஆனால் அது அடிமரத்தைத் தொடக்கூடாது.

இளங்கன்றுக்கு உண்மையான சோதனை குளிர்காலக் கடைசியில் வரும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் ஊசிகள் ஈரத்தை இழக்கின்றன. கீழே மண்ணோ கல்லாக உறைந்திருக்கும். வேரால் ஈடுகொடுக்க முடியாமல் ஊசிகள் செம்பழுப்பாகக் கருகும். அதனால்தான் இலையுதிர்காலத்தில் மண் உறையும்வரை தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். காற்று வீசும் பக்கம் முதல் ஓரிரு குளிர்காலங்களுக்குச் சணல் சாக்கால் தட்டி கட்டுவதும் உண்டு. வசந்தத்தில் துளிர்த்த குருத்தைப் பின்பனி கருக்கினால் பதற வேண்டாம், மரம் பிழைத்துக்கொள்ளும்.

விதையில் முளைத்த கன்றுகள் எல்லாம் ஒரே நீலமாக இருப்பதில்லை. சில வெறும் சாம்பல் பச்சையாகவே நின்றுவிடும். உறுதியான நீலம் வேண்டுமென்றால் 'கேண்டிகன்ஸ்' போன்ற ஒட்டுரகம் வாங்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பக்கக்கிளையிலிருந்து எடுத்த ஒட்டு, தான் பக்கக்கிளை என்பதை மறப்பதேயில்லை. வருடக்கணக்கில் படுக்கைவாட்டில் நீளும். ஒரு குச்சியை நட்டு, நுனித்தண்டை நிமிர்த்திக் கட்டிப் பழக்கினால்தான் மரமாக எழும். இரண்டு தலைமை நுனிகள் போட்டியிட்டால் ஒன்றை வெட்டிவிடுவது நல்லது. மற்றபடி இதற்குக் கத்தரி தேவைப்படுவதில்லை.

செதில்பூச்சிக்கென்று விற்கும் தோட்ட எண்ணெய்த் தெளிப்பானை நீல ஊசி மரங்கள் பக்கம் கொண்டுபோகவே கூடாது. எண்ணெய் பட்ட மெழுகு கரைந்து, மரம் ஒரே நாளில் பச்சையாகிவிடும். மரம் சாகாது, ஆனால் அந்த ஊசிகளுக்குப் பழைய நிறம் திரும்பாது, அடுத்த வசந்தத்தின் புதுத் துளிருக்குக் காத்திருக்க வேண்டியதுதான். எண்ணெய் படாத மரத்திலும் முந்தைய வருடங்களின் ஊசிகள் மழையிலும் காற்றிலும் மெழுகு தேய்ந்து மங்கியே இருக்கும். அதனால் நீலத்தை அதன் உச்சத்தில் பார்க்க நினைப்பவர்கள் புதுத் துளிர் விரிந்திருக்கும் ஜூன் மாதம் போக வேண்டும்.