பவர்: ஒரு சொல், பல பொருள்

‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், ‘இயலும்’ எனப் பொருள்படும் ஒரு லத்தீன் வினை. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் அதை அப்படியே புழங்குகிறார்கள். பொருள் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பகுதிகளில் பவர்லூம் என்றால் விசைத்தறி. நெய்பவரின் கையும் காலும் செய்த வேலையை இயந்திர விசை ஏற்றுக்கொண்ட தறி அது. பாவு நூல்களை மேலும் கீழுமாகப் பிரிப்பது, நடுவே ஊடை நூலோடு நாடாவை எறிவது, விழுந்த இழையை அச்சால் அடித்து நெருக்குவது ஆகிய மூன்றையும் மோட்டாரே முறை தவறாமல் செய்கிறது. எட்மண்ட் கார்ட்ரைட் 1785-இல் இங்கிலாந்தில் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றபோது மின்மோட்டாரே கிடையாது. ஆகவே தறியின் பெயரில் உள்ள பவர் மின்சாரம் அல்ல. ஆனால் ஓடும் தறி சட்டென்று நின்றால் ‘பவர் போச்சு’ என்கிறார்களே, அது மின்சாரம்தான்.

இயற்பியலில் இது இன்னும் கறாரான சொல். வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதே அங்கே பவர். பாடநூல் அதைத் ‘திறன்’ என்கிறது. மோட்டாரில் பொறித்திருக்கும் எச்.பி. அதன் ஓர் அலகு; 1 எச்.பி. ஏறத்தாழ 746 வாட். கட்டணச் சீட்டில் வரும் யூனிட்டோ திறனின் அலகு அல்ல, ஆற்றலின் அலகு. 1,000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். விசைத்தறிகளுக்கு இரு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-இல் 1,000 ஆக உயர்த்தியது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘பவர் எழுதிக் கொடுப்பது’ முற்றிலும் வேறு. தன் சார்பில் செயல்பட ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம் அது. 1882-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் வந்துவிட்டது. பவர் வாங்கியவர் நிலத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உச்ச நீதிமன்றம் 2011-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. பொதுவாக, எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துவிடும். வீட்டுமனை வாங்குவோர் மறக்கக் கூடாத செய்தி இது.

மூக்குக் கண்ணாடியின் பவர், ஒளியை வளைக்கும் அளவு: குவிய தூரம் அரை மீட்டர் என்றால் பவர் 2. கணக்கில் பவர் என்பது அடுக்கு. ‘பவர் அதிகமான மாத்திரை’ என்று கடையில் கேட்பது பெரும்பாலும் மருந்தின் மில்லிகிராம் அளவை. ஒரே மருந்தில் 500-ஐயும் 650-ஐயும் ஒப்பிடலாம். வெவ்வேறு மருந்துகளின் வீரியத்தை அந்த எண்ணை வைத்து ஒப்பிட முடியாது.